அணியின் பெயரும் அணியின் வேலையும்: ஆங்கில அணிகளைப் புரிந்துகொள்வதும் நினைவில் இருத்துவதும்

பழைய புத்தகக் கடையில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் ஒன்றை எடுத்துச் செய்யுள் பகுதியைப் புரட்டினால், ஓரங்களில் பென்சில் குறிப்புகள் தென்படும். 'லைக்' என்ற சொல்லின் அடியில் ஒரு கோடு, பக்கத்தில் 'சிமிலி'. ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு மூன்று சொற்களைச் சுற்றி வட்டம், பக்கத்தில் 'அல்லிட்டரேஷன்'. காற்றோ நதியோ பேசுவதாக வந்தால் 'பெர்சானிஃபிகேஷன்'. தேர்வில் வரியைக் கொடுத்து அணியின் பெயரைக் கேட்பார்கள். பெயரை எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்த வரியில் உவமை என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று கேட்பது அரிது.

இந்தக் கோடும் வட்டமும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 'லைக்', 'ஆஸ்' என்ற சொற்களை மட்டும் நம்பும் மாணவர், ஒரு பையன் தன் அப்பாவைப்போல உயரமாக இருக்கிறான் என்ற ஆங்கில வாக்கியத்தையும் சிமிலி என்றே எழுதுவார். அது அணி அன்று. இருவரின் உயரத்தை ஒப்பிட்டுச் சொல்லும் செய்தி. வெவ்வேறு இனத்துப் பொருள்கள் இரண்டை ஏதேனும் ஒரு பொதுத்தன்மை இணைக்கும்போதுதான் சிமிலி பிறக்கிறது. அல்லிட்டரேஷனிலும் இதே சிக்கல் உண்டு. அது எழுத்தைப் பொறுத்ததன்று, ஒலியைப் பொறுத்தது. 'ஃபோன்' என்ற சொல் ஆங்கிலத்தில் 'பி' எழுத்திலும், 'ஃபேன்' 'எஃப்' எழுத்திலும் தொடங்குகின்றன. காதுக்கு இரண்டும் மோனை. 'சிட்டி', 'கேட்' இரண்டும் 'சி'யில் தொடங்கினாலும் மோனை இல்லை. தமிழில் மோனையைக் கண்ணாலேயே பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஆங்கிலத்தில் காதைத் தீட்டிக்கொண்டால்தான் முடியும்.

ஆங்கில அணிகளைப் புரிந்துகொள்வதற்கும் அவற்றை நினைவில் இருத்துவதற்கும் என்ன உறவு என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. புரிந்தால் தானாக நினைவில் நிற்கும் என்பது ஒரு நம்பிக்கை. முதலில் மனப்பாடம் செய்துவிட்டால் பின்னால் புரிந்துவிடும் என்பது மற்றொன்று. வரலாறும் உளவியல் சோதனைகளும் தரும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே அப்படியே ஏற்கத்தக்கவை அல்ல. அணி தன்னளவிலேயே நினைவுக்கான கருவி. அந்தக் கருவியைக் கையாளப் பழக்காமல் அதன் பெயரை மட்டும் நினைவில் ஏற்றச் சொல்வதால்தான் பெயர் தங்கி அணி நழுவிப்போகிறது என்பது என் வாதம்.

ஒரே நூலில் இருந்த இரண்டு கலைகள்

இலத்தீனில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவான அணிப் பட்டியல் 'ரெட்டோரிகா ஆட் ஹெரென்னியம்' என்ற நூலின் நான்காம் பகுதியில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இந்நூலின் ஆசிரியர் யாரெனத் தெரியவில்லை. நெடுங்காலம் சிசரோவின் பெயரில் வழங்கிவந்தது. நினைவுக் கலை பற்றி எஞ்சியுள்ள மிகப் பழைய இலத்தீன் விளக்கமும் இதே நூலில், மூன்றாம் பகுதியில்தான் உள்ளது. பொருள் காணல், ஒழுங்கு செய்தல், நடை, நினைவு, வெளிப்பாடு என்று பேச்சுக்கலையை ஐந்தாகப் பிரித்த மரபில் அணியும் நினைவும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன.

அந்நூல் தரும் ஓர் எடுத்துக்காட்டு உற்றுப் பார்க்கத்தக்கது. சொத்துக்காக ஒருவருக்கு நஞ்சு வைத்ததாக வழக்கு. சாட்சிகள் பலர் என்கிறது எதிர்த்தரப்பு. இதை வழக்கறிஞர் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? நோயாளி படுக்கையில் கிடப்பதாகவும், குற்றம்சாட்டப்பட்டவர் அருகில் நிற்பதாகவும் மனத்தில் ஒரு காட்சியை அமைக்க வேண்டும். அவர் வலக்கையில் கிண்ணம், இடக்கையில் எழுதுபலகைகள், நான்காம் விரலில் ஆட்டுக்கடாவின் விதைகள். கிண்ணம் நஞ்சைக் குறிக்கிறது. எழுதுபலகை உயிலைக் குறிக்கிறது. இலத்தீனில் விதைக்கும் சாட்சிக்கும் ஒரே வடிவச் சொல் இருப்பதால் மூன்றாவது பொருள் சாட்சிகளை நினைவூட்டுகிறது. முதலிரண்டும் ஆகுபெயர்கள், மூன்றாவது சிலேடை. ஒன்றை நினைவில் இருத்த அந்த ஆசிரியர் கைக்கொண்ட வழி அணியேதான். நினைவுக் கலையை விளக்குவோர் இக்காட்சியின் விசித்திரத்தை வியப்பதுண்டு. அடுத்த பகுதியில் அணிகளாக வரையறுக்கப்படும் உத்திகளே இங்கே வேலை செய்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கிலாந்துக்கு இந்த மரபு பள்ளிகள் வழியாக வந்தது. ஜான் காலெட் லண்டனில் நிறுவிய செயின்ட் பால் பள்ளிக்காக எராஸ்மஸ் எழுதிய 'தே கோப்பியா' 1512-இல் வெளியானது. உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே செய்தியை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் அதில் அவர் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டுகிறார். மாணவனும் அதே பயிற்சியைச் செய்ய வேண்டும். அங்கே அணி என்பது கண்டுபிடித்துப் பெயரிட வேண்டிய பொருளாக இல்லை, கையால் செய்து பழக வேண்டிய வேலையாக இருந்தது.

ஆங்கிலத்திலேயே அணி நூல்கள் எழும்பியது சற்றுப் பின்னர்: 1550-இல் ரிச்சர்ட் ஷெர்ரி, 1577-இல் ஹென்றி பீச்சம், 1589-இல் ஜார்ஜ் பட்டன்ஹாம். இவர்களுள் பட்டன்ஹாம் ஒரு துணிச்சலான சோதனை செய்தார். கிரேக்கப் பெயர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஒவ்வோர் அணிக்கும் அது செய்யும் வேலையைக் கொண்டு ஆங்கிலப் பெயர் சூட்டினார். மெட்டஃபருக்கு 'இடம்பெயர்க்கும் அணி', ஹைபர்போலுக்கு 'உரத்த பொய்யன்', மெட்டானிமிக்கு 'தவறிப் பெயரிடுபவன்' என்ற பொருள்படும் பெயர்கள். கேட்டதும் புரிகின்ற பெயர்கள். ஆயினும் அவை நிலைக்கவில்லை, கிரேக்கப் பெயர்களே நிலைத்தன. எளிதாகப் புரிவது எளிதாக நினைவில் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இது முதல் தடை. இலத்தீன் பள்ளிகளின் அதிகாரம் இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'உரத்த பொய்யன்' என்ற பெயரை ஒருமுறை கேட்ட மாணவர், உயர்வு நவிற்சி என்ன செய்கிறது என்பதைப் பிறகு மறப்பதில்லை. பெயர் வழக்கொழிந்தாலும் கற்பிக்கும் உத்தியாக அது இன்றும் பயன்படும்.

பட்டன்ஹாம் எழுதுவதற்கு முன்பே பாரிசில் இந்த ஐந்து அறைகளும் பிரிக்கப்பட்டுவிட்டன. பேத்ரஸ் ராமுஸும் அவருடைய தோழர் ஒமர் தலோனும் பொருள் காணலையும் ஒழுங்கையும் தருக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, பேச்சுக்கலைக்கு நடையையும் வெளிப்பாட்டையும் மட்டும் விட்டுவைத்தனர். ஒழுங்காகப் பிரித்து வைத்தால் நினைவு தானே வரும் என்று கருதியதால் நினைவுக்குத் தனி இடம் இல்லாமல் போனது. மரக்கிளைபோல் பிரியும் அட்டவணைகள் ராமுஸ் வழிவந்த பாடநூல்களின் அடையாளம். அணிப் பட்டியலைக் கட்டம் போட்டு ஒப்பிக்கும் இன்றைய வழக்கத்துக்கு இந்தப் பிரிவினை ஒரு முக்கிய ஊற்று என்பது என் கணிப்பு.

நினைவு இன்னொரு வழியில் திரும்பி வந்தது. ஆபர்டீன் பேராசிரியரும் உளவியலாளருமான அலெக்சாண்டர் பெயின், 1866-இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை நூலில் அணிகளை மனத்தின் மூன்று ஆற்றல்களின் மேல் நிறுத்தினார்: வேறுபாட்டை உணர்தல், ஒற்றுமையை உணர்தல், ஒருங்கே பட்டவற்றை மனத்தில் தக்கவைத்தல். முரண் அணிகள் முதலாவதிலிருந்தும், உவமையும் உருவகமும் இரண்டாவதிலிருந்தும், ஆகுபெயர் வகைகள் மூன்றாவதிலிருந்தும் பிறக்கின்றன என்றார். 1930-களிலிருந்து இந்திய மாணவர் தலைமுறைகள் பல படித்துவரும் ரென் – மார்ட்டின் இலக்கணத்திலும் அணிகள் ஒற்றுமை, முரண், தொடர்பு, அமைப்பு என்ற தலைப்புகளில்தான் அடுக்கப்பட்டுள்ளன. தலைப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றின் பின்னிருந்த மனக் கோட்பாடு வந்து சேரவில்லை. மாணவர் மனப்பாடம் செய்யும் அந்த அட்டவணை ஒருகாலத்தில் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கமாக இருந்தது என்பதை எந்த வகுப்பும் அவருக்குச் சொல்வதில்லை.

புரிதல்: தாய்மொழியாளரும் கற்பவரும்

உருவகம் எப்படிப் புரிகிறது என்பது பற்றி நெடுநாள் நிலவிய கருத்து இது: கேட்பவர் முதலில் நேர்ப்பொருளை எடுத்துப் பார்க்கிறார், அது பொருந்தாதபோது மறுபொருளைத் தேடுகிறார். தத்துவவாதிகளான கிரைஸ், செர்ல் ஆகியோரின் எழுத்துகள் இக்கருத்துக்கு வலுச்சேர்த்தன. ஆனால் 1978-இல் உளவியலாளர் ஆர்ட்டனியும் அவருடைய குழுவினரும், போதிய சூழல் முன்கூட்டியே தரப்பட்டால் உருவக வாக்கியத்தைப் படிக்க நேர்ப்பொருள் வாக்கியத்தைவிட அதிக நேரம் ஆவதில்லை எனக் காட்டினர். 1982-இல் கிளக்ஸ்பெர்க், கில்டியா, புக்கின் மூவரும் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்லும்படி கேட்டனர். 'சில வேலைகள் சிறைகள்' என்பதுபோன்ற வாக்கியங்களைப் பொய் என்று தள்ளப் பங்கேற்றோருக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. உருவகத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொன்னாலும் அது புரிந்துவிடுகிறது. புரிந்ததால்தான் தள்ளத் தாமதம்.

தாய்மொழியில் அணி புரிவதற்கு அதன் பெயர் தேவையில்லை என்பது இவற்றால் தெளிவாகிறது. ஆனால் இந்தச் சோதனைகளை அப்படியே நம் வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூடாது. ரேச்சல் ஜியோரா 1997-இல் முன்வைத்த கருத்துப்படி, நேர்ப்பொருளோ அணிப்பொருளோ, எது ஒருவருக்கு மிகப் பழகியதோ அதுவே முதலில் மனத்தில் எழுகிறது. ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்கும் ஒருவருக்குப் பழகியது சொல்லின் நேர்ப்பொருள்தான். அதற்குமேல் அவருடைய ஊர் வழக்கும் குறுக்கிடும்.

துண்டை வீசுவது பற்றிய ஆங்கில மரபுத்தொடரை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் துண்டை வீசுவது என்றால் பேருந்து சன்னல் வழியே இடம் பிடிப்பது. துண்டு விழுந்தால் இருக்கை நமது. ஆங்கிலத்தில் அது தோல்வியை ஒப்புக்கொள்வது. குத்துச்சண்டையில் தன் வீரர் இனித் தாங்க மாட்டார் என்று கண்ட பயிற்சியாளர் வளையத்துக்குள் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தும் வழக்கத்திலிருந்து வந்த தொடர் அது. அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவராமல் பொருளை மட்டும் எழுதிக்கொடுத்தால், தேர்வு முடிந்ததும் துண்டு மறுபடி பேருந்து இருக்கைக்கே போய்விடும்.

இது வெறும் ஊகமன்று. ஃபிராங்க் பூர்ஸ் பெல்ஜியத்தில் ஆங்கிலம் கற்ற மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகள் இதைத் தொட்டே சென்றன. மரபுத்தொடர்களை அவற்றின் அடிப்படை உருவகத்தின்படி தொகுத்துக் காட்டியபோது மாணவர்கள் அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தனர் என்பது அவருடைய 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு. கப்பல், குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை என்று ஒவ்வொரு தொடரும் பிறந்த களத்தைச் சொல்லிக் கொடுப்பது பொருளை அறியவும் நினைவில் வைக்கவும் ஒருசேர உதவுகிறது என்று 2007-இல் ஐக்மன்ஸ், ஸ்டெங்கர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு வாதிட்டது.

எது நினைவில் நிற்கிறது?

இங்கேதான் சிக்கல் ஆழமாகிறது. ரேமண்ட் கிப்ஸ் 1980-இல் மரபுத்தொடர்களை இரு விதமான கதைச் சூழல்களில் கொடுத்துச் சோதித்தார்: ஒன்றில் வழக்கமான அணிப்பொருள், மற்றதில் நேர்ப்பொருள். இரகசியத்தை உடைப்பதைக் குறிக்க ஆங்கிலேயர் பூனையைப் பையிலிருந்து வெளியே விட்டதாகச் சொல்வார்கள். அதையே உண்மையான பூனையும் உண்மையான பையும் உள்ள கதையில் வைப்பது போன்ற ஏற்பாடு என்று கொள்ளலாம். அணிப்பொருளில் வந்தவை விரைவாகப் புரிந்தன. பின்னர் நினைவுகூரச் சொன்னபோது, வழக்கத்துக்கு மாறாக நேர்ப்பொருளில் வந்தவையே நன்றாக நினைவில் நின்றன.

விரைந்து புரிந்தது நழுவியது. சற்றே நிறுத்திப் புரியவைத்தது நின்றது. பௌடலும் ஜென்ட்னரும் 2005-இல் விளக்கிய உருவகத்தின் வாழ்க்கைப் போக்கும் இதனோடு ஒத்துப்போகிறது. புதிய உருவகத்தை மனம் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் புரிந்துகொள்கிறது. பழகப் பழக அது ஒரு வகைப்பெயராக உறைந்துவிடுகிறது. உறைந்தபின் அதைப் புரிந்துகொள்ள உழைப்பு வேண்டியதில்லை. உழைப்பு இல்லாத இடத்தில் நினைவுக்குப் பிடிப்பும் குறைவு. பாடநூல்கள் எளிமை கருதி மிகவும் அடிபட்ட உவமைகளையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. வீரனுக்குச் சிங்கம், வெண்மைக்குப் பனி. புரிதலைக் கருதிச் செய்த இந்தத் தேர்வு நினைவுக்கு எதிராகவே வேலை செய்கிறது.

ஒலியையும் அமைப்பையும் சார்ந்த அணிகள் வேறு விதத்தில் நிற்கின்றன. டேவிட் ரூபின் 1995-இல் வெளியிட்ட வாய்மொழி மரபின் நினைவு பற்றிய நூலில், காவியங்களும் கதைப்பாடல்களும் சிறுவர் பாடல்களும் தலைமுறைகளைத் தாண்டுவது எப்படி என்று ஆராய்ந்தார். பொருள், ஒலி, காட்சி ஆகியவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால், அடுத்து வரக்கூடிய சொற்கள் மிகச் சிலவாகக் குறுகிவிடுகின்றன என்பது அவர் விளக்கம். கட்டுமானப் பொருள் ஒன்று சொல்லுங்கள் என்றால் செங்கல், மணல், சிமென்ட் என்று எதுவும் வரலாம். ஆங்கிலத்தில் 'ஈல்' என்று முடியும் சொல் கேட்டாலும் பல உண்டு. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால் 'ஸ்டீல்' வந்து நிற்கிறது. மோனையும் இயைபும் செய்யும் வேலை இதுவே. பூர்ஸும் லிண்ட்ஸ்ட்ரம்பெர்கும் ஆங்கிலத் தொடர்களில் மோனை கற்பவரின் நினைவுக்குத் துணைசெய்கிறது என்று காட்டியதும் இதற்குப் பக்கபலம்.

அணி நினைவை வழிநடத்துகிறது என்பதற்கு ஒரு தெளிவான சான்று, மக்கள் தவறாக நினைவில் வைத்திருக்கும் ஒரு தொடர். 1940 மே 13 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் தம்மிடம் தருவதற்கு இருப்பவை என்று நான்கைச் சொன்னார்: இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை. உலகம் நினைவில் வைத்திருப்பது மூன்றை: இரத்தம், வியர்வை, கண்ணீர். உழைப்பு காணாமல் போனது. மும்மை அடுக்கு மனத்துக்கு இயல்பானது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். நான் அதை அரைகுறையாகவே ஏற்கிறேன். சர்ச்சிலுக்கு முன்பே இந்த மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் ஒன்றாகப் புழங்கியிருக்கின்றன. உழைப்பும் வியர்வையும் பொருளில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதால் ஒன்று மிகையாகிறது. மீதி மூன்றும் உடலிலிருந்து வடியும் நீர்மங்கள், உழைப்பு மட்டும் அந்த இனத்தில் சேராதது. அடுக்கின் எண்ணிக்கை, பழைய வழக்கு, காட்சியின் ஒருமை மூன்றும் சேர்ந்தே நாலாவது சொல்லை வெளியேற்றின என்று கொள்வது பொருந்தும். ரூபினின் கட்டுப்பாடுகள் ஒரு வரலாற்றுப் பேச்சையே திருத்தி எழுதியிருக்கின்றன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மெக்லோனும் தோஃபிக்பக்ஷும் 2000-இல் வெளியிட்ட சோதனையில், இயைபுள்ள பழமொழிகளை அதே பொருளை இயைபின்றிச் சொன்ன வடிவங்களைவிட உண்மையானவை என்று மக்கள் மதிப்பிட்டனர். சொன்ன அழகையும் சொன்ன கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று எச்சரித்தபோது அந்தச் சாய்வு குறைந்தது. விளம்பரத்தையும் தேர்தல் முழக்கத்தையும் நாள்தோறும் கேட்கும் மாணவருக்கு அணியறிவு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை.

ஆகுபெயரின் எல்லை

ஆங்கில அணிகளில் மாணவர்கள் மிகவும் குழம்புவது மெட்டானிமிக்கும் சினெக்டகிக்கும் இடையில். மகுடம் என்று சொல்லி அரசரைக் குறித்தால் மெட்டானிமி; கைகள் என்று சொல்லித் தொழிலாளரைக் குறித்தால் சினெக்டகி. முதலாவது தொடர்பால், இரண்டாவது உறுப்பு–முழுமை உறவால். எல்லை இவ்வளவு நேராக இருப்பதில்லை. 1956-இல் ரோமன் யாக்கப்சன் மொழியின் இயக்கத்தையே உருவகம், ஆகுபெயர் என்ற இரு துருவங்களில் நிறுத்தியபோது, சினெக்டகியை ஆகுபெயர்த் துருவத்திலேயே சேர்த்துக்கொண்டார். அறிஞர்கள் ஒன்றாக்கும் இரண்டைத் தேர்வுத்தாள் பிரிக்கச் சொல்கிறது.

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதை ஆங்கில ஆசிரியர்கள் பயன்படுத்துவது குறைவு. நன்னூல் ஆகுபெயரை ஒரே குடும்பமாக வைத்து உறவைக் கொண்டு உள்ளே பிரிக்கிறது. முல்லை சூடினாள் என்றால் முழுமைக்குரிய பெயர் உறுப்புக்கு; தலைக்கு ஒன்று கொடு என்றால் உறுப்பின் பெயர் ஆளுக்கு; இந்தியா வென்றது என்றால் இடத்தின் பெயர் அங்குள்ள ஆட்டக்காரர்களுக்கு. முதலிரண்டும் சினெக்டகி, மூன்றாவது மெட்டானிமி. எந்தப் பெயர் எதற்கு ஆகிவந்தது, என்ன உறவால் என்று கேட்கப் பழகிய மாணவருக்கு ஆங்கிலப் பெயர்கள் இரண்டும் அந்த விடையின் மேல் ஒட்டும் சீட்டு மட்டுமே. தமிழ் வகுப்பில் ஆகுபெயர் படித்துவிட்டு அடுத்த மணியில் மெட்டானிமியை முற்றிலும் புதிய பொருளாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு.

பயிற்சி வரிசையும் கவனிக்க வேண்டியது. பாடநூல்கள் ஓர் அணிக்குப் பத்து எடுத்துக்காட்டு, பிறகு அடுத்த அணிக்குப் பத்து என்று அடுக்குகின்றன. கார்னெலும் பியார்க்கும் 2008-இல் ஓவியர்களின் பாணிகளைக் கற்பித்துச் சோதித்தபோது, படங்களைத் தொடர்ந்து பார்த்த ஓவியர்களின் பாணியைவிட, பிறர் படங்களோடு கலந்து பார்த்த ஓவியர்களின் பாணியையே மக்கள் பின்னர் நன்றாக இனங்கண்டனர். ஆயினும் தொடர்ந்து பார்த்ததே தங்களுக்கு உதவியதாக அவர்களில் பெரும்பாலோர் நம்பினர். அணிகள் ஓவியங்கள் அல்ல. ஆனால் மெட்டானிமியா சினெக்டகியா என்ற கேள்வியும் ஒரு பாணியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் வேலையே. கலந்து கொடுத்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். மாணவர் முதலில் தடுமாறுவதைக் கண்டு ஆசிரியர் அந்த முறையைக் கைவிட்டுவிடக் கூடாது.

பெயர் எப்போது?

பெயர்களே வேண்டாம் என்பது என் வாதமன்று. பெயர் தெரியாதவருக்கு ஓர் அணி இருப்பதே பல நேரம் கண்ணில் படாது. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய உரையில் தன் கனவைப் பற்றிய ஒரே தொடரை வாக்கியத்துக்கு வாக்கியம் தொடக்கத்தில் வைத்ததை எல்லோரும் உணர்வார்கள். 'அனாஃபொரா' என்ற பெயரை அறிந்தவர் அதே உத்தி 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் ஆற்றிய உரையிலும் வேலை செய்வதைக் கண்டு இரண்டையும் அருகருகே வைக்க முடியும். பெயரின் பயன் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

ஆகவே வரிசையை மாற்றலாம். ஸ்லமெக்காவும் கிராஃபும் 1978-இல் காட்டியபடி, படித்த சொற்களைவிடத் தாமே உருவாக்கிய சொற்கள் நன்றாக நினைவில் நிற்கின்றன. எராஸ்மஸின் பயிற்சி அதற்கு நானூற்று அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்ற வெறும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதை உருவகமாகவும், இடத்தின் பெயரால் மக்களைக் குறித்தும், மிகைப்படுத்தியும், ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களாலும் மாணவர்களே மாற்றி எழுதட்டும். எழுதியவற்றைக் கலந்து படித்து, எதில் என்ன மாறியது, எது கூடியது, எது மறைந்தது என்று பேசட்டும். பெயர்களை மணியின் கடைசிப் பத்து நிமிடங்களில் கொடுத்தால் போதும். தேர்விலும் ஒரு வரியின் அணியைக் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில், அதே செய்தியை அணியின்றி எழுதி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் சொல்லச் சொல்லும் கேள்வி ஒன்று இருக்கலாம். அதற்குக் கூடுதல் பாடநூலோ கருவியோ தேவையில்லை. திருத்துவோருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும், அதை ஒதுக்குவது கல்வித் துறையின் கையில் இருக்கிறது.